டீசலா, பாட்டரியா? முதலில் பஸ் வரட்டும்!

பெரிய கார் வாங்கப் போகிறவர் டீசல் வண்டி வாங்குவதா, பாட்டரியும் பெட்ரோலும் சேர்ந்து ஓடும் 'ஹைப்ரிட்' வண்டி வாங்குவதா என்று யோசிக்கிறார். இதில் பஞ்சாலைத் தொழிலாளிக்கும் நாற்று நடுகிற விவசாயத் தொழிலாளிக்கும் என்ன வேலை என்று தோழர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். நம்மில் எவர் வீட்டு வாசலிலும் அந்த வண்டி நிற்கப் போவதில்லை.

ஆனால் அந்த வண்டிக்குக் கிடைக்கிற சலுகை நமது பையிலிருந்து போகிறது. அது கக்குகிற புகை நமது நெஞ்சுக்குள் வருகிறது. காவிரிப் பாலத்தை அது அடைத்துக்கொள்ளும்போது நாம் ஏறிய பஸ்தான் நிற்கிறது. மேலும், திருச்சி ஜங்ஷனிலும் ஸ்ரீரங்கம் கோபுர வாசலிலும் வாடகைக் கார் ஓட்டிப் பிழைக்கிற தோழர்களுக்கு இது சோற்றுப் பிரச்னை. ஆகவே நமது அபிப்பிராயத்தைச் சொல்லியாக வேண்டியிருக்கிறது.

வண்டிகள் மூன்று விதம்

ஒன்று, பழைய டீசல். இரண்டாவது, தானே சார்ஜ் ஏற்றிக்கொள்ளும் ஹைப்ரிட். இதில் பெட்ரோல் எஞ்சினும் உண்டு, மின் மோட்டாரும் உண்டு. பிரேக் போடும்போது வீணாகிற சக்தியைப் பாட்டரியில் பிடித்து வைத்து, மறுபடி கிளம்பும்போது பயன்படுத்தும். இன்னோவா கிரிஸ்டா முதல் வகை. 2022 இறுதியில் வெளிவந்த இன்னோவா ஹைகிராஸ் ஹைப்ரிட் இரண்டாவது வகை. மூன்றாவது, செல்போனுக்குச் செருகுவது போல வீட்டு மின்சாரத்தில் செருகிச் சார்ஜ் ஏற்றும் ஹைப்ரிட். சில பத்து கிலோமீட்டர் மின்சாரத்தில் ஓடும். அது தீர்ந்தால் பெட்ரோலுக்கு மாறும். நமது நாட்டில் 2025 வரை இந்த மூன்றாவது வகை பெரும் பணக்காரர்கள் வாங்குகிற சில சொகுசுக் கார்களில்தான் இருந்தது. ஆனால் விளம்பரம் மட்டும் ஊரெல்லாம் கேட்கிறது: "சுத்தமான வண்டி! வருங்கால வண்டி!"

ஓட்டிப் பிழைக்கிற தோழருக்கு

கடன் வாங்கி வண்டி எடுக்கிற டிரைவர் தோழர்களுக்கு முதலில் ஒரு வார்த்தை. சவாரி எது என்று பாருங்கள். ராமேஸ்வரம், சபரிமலை, சென்னை என்று நீண்ட சவாரியே அதிகமானால், டீசல் எஞ்சின் தனக்கேற்ற வேகத்தில் ஓடும். ஜங்ஷனிலிருந்து சத்திரம், மாம்பழச் சாலை, ஸ்ரீரங்கம், சமயபுரம் என்று நின்று நின்று போகிற குறுகிய சவாரியானால், புதிய டீசல் வண்டிக்கு அது பகை. 2020 ஏப்ரலில் வந்த பாரத் ஸ்டேஜ் 6 விதிக்குப் பிறகு டீசல் வண்டிகளில் புகைக்கரியைப் பிடிக்கிற வடிகட்டி இருக்கிறது. நல்ல வேகத்தில் சற்று நேரம் ஓடினால்தான் அதில் சேர்ந்த கரி எரியும். ஊருக்குள்ளேயே ஊர்ந்தால் அடைத்துக்கொள்ளும், செலவு வைக்கும். அந்த ஊர்ச் சவாரியில் எரிபொருளை மிச்சப்படுத்துவது ஹைப்ரிட்தான்.

ஆனால் அதன் விலை 25 லட்சத்துக்கு மேல். மிச்சமாகிற எரிபொருள் முதலில் போய்ச் சேருவது கடன் கொடுத்தவனின் வட்டிக்கு. செருகிச் சார்ஜ் ஏற்றும் வண்டியோ, சொந்தக் கொட்டகையும் தனி மீட்டரும் உள்ளவனுக்கு மட்டுமே ஏற்றது. ஒற்றை அறையில் வாடகைக்குக் குடியிருந்து, தெருவில் வண்டியை நிறுத்துகிற தொழிலாளி எங்கே போய்ச் செருகுவான்?

இன்னொன்றையும் மறக்க வேண்டாம். டெல்லியில் 10 வருஷமான டீசல் வண்டி ஓடக் கூடாது என்று 2015-ல் பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்டது. 2018-ல் சுப்ரீம் கோர்ட்டும் அதையே சொன்னது. நாளைக்கு நம் ஊரிலும் அப்படி ஒரு விதி வந்தால், நஷ்டம் வண்டி செய்து விற்ற கம்பெனிக்கு அல்ல. தவணை கட்டி முடித்த டிரைவருக்குத்தான். வண்டியை மாற்று என்று உத்தரவு போடுகிற சர்க்கார், மாற்றுவதற்குக் குறைந்த வட்டிக் கடனும் தரவேண்டும் என்று இப்போதே கேட்க வேண்டும்.

பஸ்ஸுக்கு ஒரு விலை, காருக்கு ஒரு விலை!

இனி பெரிய கணக்குக்கு வருவோம். டீசலுக்கு மான்யம் எதற்காகக் கொடுக்கப்பட்டது? பஸ்ஸுக்காக, லாரிக்காக, விவசாயியின் பம்ப்செட்டுக்காக என்று சொல்லப்பட்டது. நடந்தது என்ன? 2012-ல் பெட்ரோலுக்கும் டீசலுக்கும் லிட்டருக்கு 30 ரூபாய்க்கு மேல் வித்தியாசம் இருந்த காலம் உண்டு. அந்த வித்தியாசத்தைக் கண்டு பணக்காரர்கள் டீசல் கார்களை வாங்கிக் குவித்தார்கள். கம்பெனிகள் டீசல் எஞ்சின் ஆலைகளைப் பெருக்கின. ஏழையின் பெயரில் வந்த மான்யம் மாளிகையின் கார் கொட்டகைக்குள் நுழைந்தது.

அதைவிடக் கொடுமை 2013 ஜனவரியில் நடந்தது. மொத்தமாக டீசல் வாங்குகிறவர்களுக்கு மான்யம் கிடையாது என்று மத்திய சர்க்கார் அறிவித்தது. மொத்தமாக வாங்குகிறவர் யார்? அரசு போக்குவரத்துக் கழகங்களும் ரயில்வேயும்! ஐம்பது பேரை ஏற்றிக்கொண்டு ஸ்ரீரங்கத்துக்குப் போகிற அரசு பஸ்ஸுக்கு லிட்டருக்குச் சுமார் 10 ரூபாய் அதிகம். அதன் பின்னாலேயே ஒரே ஒருவரை ஏற்றிக்கொண்டு வருகிற பெரிய காருக்கு மான்ய விலை. தமிழ்நாட்டு அரசு பஸ்கள் டிப்போவில் டீசல் போடுவதை விட்டு, கார்களோடு கார்களாகத் தனியார் பங்க்குகளில் நிற்கிற அவலம் வந்தது. இதற்குப் பெயர்தான் பொருளாதாரச் சீர்திருத்தமாம்!

பிறகு 2014 அக்டோபரில் டீசல் விலைக் கட்டுப்பாடே எடுக்கப்பட்டது. உலகச் சந்தையில் கச்சா எண்ணெய் விலை சரிந்தபோதாவது நமக்குக் குறைந்ததா? 2014 நவம்பருக்கும் 2016 ஜனவரிக்கும் இடையே 9 தடவை கலால் வரியை ஏற்றி, குறைந்த விலையின் பெரும்பகுதியை மத்திய சர்க்கார் தன் கஜானாவில் போட்டுக்கொண்டது. கார்க்காரன் மான்யத்தைத் தின்று தீர்த்தான். வரியைச் சுமந்தது கீரை விலையிலும் அரிசி விலையிலும் லாரி வாடகை கொடுத்த நாம்.

புதிய சலுகை யாருக்கு?

2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. விகிதங்கள் மாறின. பெரிய டீசல் கார்களுக்கு அதுவரை வரியும் செஸ்ஸும் சேர்ந்து 50 சதவிகிதம். அது 40 ஆனது. பெரிய ஹைப்ரிட் கார்களுக்கு 43. அதுவும் 40 ஆனது. சுற்றுச்சூழல் பற்றி மேடைதோறும் பேசுகிறவர்கள், புகை அதிகம் கக்குகிற வண்டிக்கு 10 புள்ளி குறைத்தார்கள், குறைவாகக் கக்குகிற வண்டிக்கு 3 புள்ளி குறைத்தார்கள். பஸ்ஸுக்கு வரி 28-லிருந்து 18 ஆனதை நாம் வரவேற்கிறோம். ஆனால் முழு மின்சார வண்டிக்கு வரி 5 சதவிகிதம்தான். மின்சார பஸ்ஸுக்கும் 5, கோடி ரூபாய் மின்சாரக் காருக்கும் அதே 5. ஊரைச் சுமக்கிற பஸ்ஸும் ஒருவரைச் சுமக்கிற சொகுசுக் காரும் ஒன்றா என்று நாம் கேட்கிறோம்.

'சுத்தம்' என்கிற சரக்கு

டீசல் புகை புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் 2012-ல் திட்டவட்டமாக அறிவித்தது. 'சுத்தமான டீசல்' என்று விற்ற ஜெர்மன் கம்பெனி ஃபோக்ஸ்வாகன், சோதனைச் சாலையில் மட்டும் புகையைக் குறைத்துக் காட்டும் தந்திரத்தைச் சுமார் 1 கோடியே 10 லட்சம் வண்டிகளில் பொருத்தியிருந்தது 2015-ல் அம்பலமாயிற்று.

செருகும் ஹைப்ரிட்டும் ஏமாற்றாத சரக்கு அல்ல. ஐரோப்பாவில் ரோட்டில் ஓடும் வண்டிகளின் கணக்கை எடுத்துப் பார்த்து, சோதனைச் சாலையில் சொன்னதைப் போல சராசரியாக மூன்றரை மடங்கு கரியமில வாயுவை அவை கக்குகின்றன என்று ஐரோப்பிய ஆணையம் 2024-ல் வெளியிட்டது. காரணம் எளியது. சலுகைக்காக வாங்கினார்கள், நினைத்த அளவுக்குச் சார்ஜ் ஏற்றவில்லை, பெட்ரோலிலேயே ஓட்டினார்கள்.

செருகினாலும் அந்த மின்சாரம் எங்கிருந்து வருகிறது? பெரும்பகுதி நிலக்கரியிலிருந்து. அதை எரிக்கிற பாய்லர்களைச் செய்து கொடுப்பவர்கள் நமது திருவெறும்பூர் பெல் தொழிலாளிகள். மின் மோட்டார் சிக்கனமானது, தெருவில் புகை விடாது, உண்மைதான். ஆனால் அனல் நிலையத்துப் பக்கத்துக் கிராமத்தான் அந்தப் புகையைச் சுவாசிக்கிறான் என்பதும் உண்மை. பாட்டரிகள் பலவற்றுக்கு வேண்டிய கோபால்ட்டில் உலகின் பாதிக்கு மேல் காங்கோ நாட்டு மண்ணிலிருந்து வருகிறது. அங்கே குழந்தைகளும் குழிக்குள் இறங்குகிறார்கள். சுத்தம் என்று விற்கிற எதிலும் யாருடைய வியர்வை கலந்திருக்கிறது என்று கேட்பது தொழிலாளியின் கடமை.

நாம் கேட்பது என்ன?

நாம் புது எந்திரத்துக்கு எதிரிகள் அல்ல. நீராவி எஞ்சினைப் பழுதுபார்த்த பொன்மலைப் பட்டறைக் கைகளே பின்னால் டீசல் எஞ்சினையும் பழுதுபார்த்தன. எந்திரம் மாறட்டும்; தொழிலாளி தெருவில் நிற்கக் கூடாது. டீசல் வண்டிகளை நம்பி வாழ்கிற சிறு பட்டறை மெக்கானிக்குகளுக்கு, மோட்டாரும் பாட்டரியும் பழுதுபார்க்கிற பயிற்சியை அரசினர் தொழிற்பயிற்சி நிலையங்களில் கூலியோடு கொடுக்க வேண்டும்.

மின்சாரச் சலுகை முதலில் பஸ்ஸுக்கு வரட்டும். சென்னையில் 2025 ஜூன் 30-ல் 120 மின்சார பஸ்கள் வியாசர்பாடி டிப்போவிலிருந்து ஓடத் தொடங்கின. நல்ல காரியம். ஆனால் கண்டக்டர் கழகத்தின் ஆள், டிரைவர் தனியார் கம்பெனியின் ஆள். கம்பெனிக்குக் கிலோமீட்டர் கணக்கில் பணம். இந்தக் காண்ட்ராக்ட் முறை திருச்சிக்கு வர வேண்டாம். பஸ் மின்சாரத்தில் ஓடட்டும். பஸ்ஸும் டிப்போவும் டிரைவரும் அரசுக் கழகத்தின் கீழேயே இருக்கட்டும்.

2021 மே மாதத்திலிருந்து சாதாரண நகரப் பஸ்களில் பெண்கள் கட்டணமின்றிப் பிரயாணம் செய்கிறார்கள். பூ விற்கிறவளும் வீட்டு வேலைக்குப் போகிறவளும் காவிரியைக் கடப்பது அந்தப் பஸ்ஸில்தான். அவளுக்குத் தேவை பத்து நிமிஷத்துக்கு ஒரு பஸ். இரவு ஷிப்ட் முடிந்து வருகிறவனுக்குத் தேவை ஒரு கடைசி பஸ். அந்தப் பஸ்கள் போதுமான அளவு ஓடிய பிறகு, பெரிய கார் எந்த எரிபொருளில் ஓட வேண்டும் என்பதைப் பணம் படைத்தவர்கள் தங்கள் பணத்தில், தங்கள் வரியில், தாங்களே தீர்மானித்துக்கொள்ளட்டும். நமது பணம் நமது பஸ்ஸுக்கே!