பொட்டி வைத்தியம் - 6: நூறு சதவீத நோய்

மக்களே, ரெண்டு வாரமா ஆளைக் காணோமேன்னு யாரும் தேடியிருக்க மாட்டீங்க, தெரியும். இருந்தாலும் காரணத்தைச் சொல்லிடறேன். நம்ம பொட்டி படுத்துடுச்சு.

ஜெர்மனிக்கு மாஸ்டர்ஸ் படிக்க வந்தப்போ ஒரு சீனியர்கிட்ட வாங்கின பழைய லேப்டாப். உள்ளே 1 டிபி ஹார்ட் டிஸ்க். கொஞ்ச நாளா, ஆன் பண்ணிட்டுப் போய் ரசம் வச்சு இறக்கிட்டு வந்தாலும் டெஸ்க்டாப் வந்திருக்காது. டாஸ்க் மேனேஜர்ல டிஸ்க் 100%. இடம் இல்லை போலன்னு ஒரு சாயங்காலம் முழுக்க படங்களை அழிச்சேன். முதல் முட்டாள்தனம் அதுதான். அந்த 100% டிஸ்க் நிறைஞ்ச அளவு இல்லை. எவ்வளவு நேரம் பிஸியா இருக்குங்கிற கணக்கு.

அடுத்து ஊரே சொல்ற வைத்தியம்: சிஸ்மெயின், விண்டோஸ் சர்ச் ரெண்டையும் நிறுத்தினேன். ஊஹூம். அப்புறம்தான் ரிசோர்ஸ் மானிட்டரைப் பார்த்தேன். வேகம் நொடிக்கு 1 எம்பி கூட இல்லை. ஆனா பதில் வர 3000 மில்லிசெகண்ட், அதாவது 3 நொடி! நிஜமாவே வேலை நிறைய இருந்தா வேகமும் ஏறியிருக்கணும். இப்படி வேகமே இல்லாம 100% வந்தா, படிக்க முடியாத இடத்தையே டிஸ்க் திரும்பத் திரும்பப் படிச்சுப் பார்க்குதோன்னு சந்தேகப்படணும்.

லேப்டாப்போட கூடவே வர்ற ஹார்ட்வேர் டெஸ்ட்டை ஓட்டினேன். மெமரி பாஸ். பிராசஸர் பாஸ். டிஸ்க் ஃபெயில். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவும் மஞ்சள் கொடி காட்டுச்சு. அதுல 5, 197, 198 மூணு வரியையும் பாருங்க. 5, கெட்டுப்போய் மாற்று இடத்துக்குப் போன செக்டார்கள். 197, தீர்ப்புக்குக் காத்திருக்கறவை. 198, தேறாதவை. எனக்கு 197-ல 30. "முப்பதுதானே"ன்னேன். ரூம்மேட் சிரிச்சான். "மச்சி, அது ஹெக்ஸ்டா. 48."

உடனே செக்டிஸ்க் போடப் போனேன். கையைப் பிடிச்சுட்டான். அது கெட்ட செக்டாரைத் தேடி டிஸ்க்கை முழுசாப் படிக்கும். சாகக் கிடக்கிறவரை மாடிப்படி ஏறச் சொல்ற மாதிரி. முதல்ல எடுக்க வேண்டியதை எடுன்னான்.

தீசிஸ் யுனிவர்சிட்டி சர்வர்ல பத்திரமா இருக்கு. இதுல மட்டும் இருந்தது, பாட்டி சொன்ன கதைகள். கிளம்பறதுக்கு முன்னாடி போன்ல பதிஞ்ச 32 ஃபைல். பாட்டி இப்போ இல்லை.

லினக்ஸ்ல பூட் பண்ணி, டிடிரெஸ்க்யூ வச்சு வெளி டிஸ்க்குக்கு நகல் எடுத்தோம். நல்ல இடங்களை முதல்ல அள்ளிட்டு, கெட்ட இடத்துக்குக் கடைசியா வரும் அது. நடுவுல நின்னாலும் விட்ட இடத்துல இருந்து தொடரலாம். ராத்திரி முழுக்க ஓடுச்சு. 31 ஃபைல் முழுசா வந்துச்சு. ஒண்ணுல மட்டும் கடைசி மூணு நிமிஷம் போச்சு.

அம்மாவுக்கு போன் போட்டு அந்தக் கதையோட முடிவைக் கேட்டேன். சொன்னாங்க. சொல்லிட்டு, "பாட்டி சொல்ற மாதிரி வராதுடா"ன்னாங்க.

டெஸ்ட் பாஸ் ஆயிடுச்சுன்னு நிம்மதியா இருக்கறவங்களுக்கு ஒண்ணு. 2007-ல கூகுள் ஆளுங்க ஒரு லட்சத்துக்கும் மேலான டிஸ்க்குகளை ஆராய்ஞ்சு ஒரு கட்டுரை போட்டாங்க. செத்துப்போன டிஸ்க்குகள்ல 36 சதவீதத்துக்கு மேல, ஸ்மார்ட்ல எந்த அறிகுறியும் காட்டாமலே போயிருந்துச்சாம்.

இப்போ எஸ்எஸ்டி மாத்தியாச்சு. 100% நோய் போயே போச்சு. பாட்டி கதைகள் மூணு இடத்துல இருக்கு. உங்களுக்கும் இப்படி ஒரு ஃபோல்டர் இருக்கும். இன்னிக்கே இன்னொரு நகல் எடுத்து வச்சிடுங்க.

வர்ட்டா!