ஆப்பு எங்கே இருக்க வேண்டும்?

ஹைதராபாத்தில் நான் வாடகைக்கு இருக்கும் அறையின் தாண்டூர்க் கல் தளம், கழுவிய நீர் வடிவதற்காக வாசலை நோக்கிச் சற்றே சரிந்திருக்கிறது. நானே செய்த மரத்தாங்கியை அதன்மேல் நிறுத்தி மீன்தொட்டியை வைத்தேன். 90 செ.மீ. நீளம், 30 செ.மீ. அகலம், 40 செ.மீ. உயரத்துக்கு நீர்: 108 லிட்டர், அதாவது 108 கிலோ. நிரப்பியபோது வாசல் பக்க முனையில் நீர்விளிம்பு 6 மி.மீ. ஏறி நின்றது.

தொட்டிக்கு அடியில் அட்டையை மடித்துச் செருகச் சொன்னார்கள் நண்பர்கள். அது பெரும்பிழை என்பேன். கண்ணாடி அழுத்தத்தைத் தாங்கும். வளைவையும் முறுக்கையும் தாங்காது. அட்டை வைத்த இடத்தில் எடை குவிந்து அடிக்கண்ணாடி விரியும், அல்லது சிலிக்கோன் ஒட்டு விடும். சீரான சாய்வைவிட, ஒரு மூலை மட்டும் உயர்வதே ஆபத்து.

தொட்டியைக் காலிசெய்து இறக்கினேன். ரசமட்டத்தை நீளவாக்கிலும் அகலவாக்கிலும் மூலைக்கு மூலையும் வைத்துப் பார்த்து, தாங்கியின் கால்களுக்கும் தரைக்கும் இடையில் ஆப்புகளை இறக்கினேன். பாதி நீர் நிரப்பி, ஒரு நாள் விட்டு மீண்டும் அளந்தேன். மரம் ஈரத்தில் உப்பும் என்பதால் மழைக்காலத்திலும் அளக்க வேண்டும்.

ஆய்விலும் நாம் தொட்டிக்கு அடியில்தான் அட்டை செருகுகிறோம். கருவி சரியாக அளக்கிறதா என்று சோதிக்காமல், முடிவுகளில் ஒரு திருத்தக் காரணியைச் சேர்க்கிறோம். வரைபடம் நேராகிவிடுகிறது, பிழை அப்படியே இருக்கிறது. நானும் அவ்வாறு செய்தவன்தான். சென்ற பருவத்தின் அளவீடுகள் அனைத்தையும் இப்போது முதலிலிருந்து எடுத்துக்கொண்டிருக்கிறேன்.