சேற்று நகம்

“நகத்தைப் பத்தியா எழுதப் போறீங்க தோழர்? நம்ம சனங்களுக்கு வேற பிரச்சனையே இல்லையா?” என்று கேட்டார் நண்பர். கேட்டதில் நியாயம் இருக்கிறது. பஞ்சமி நிலம் கேட்ட போராட்டத்தில், 1994 அக்டோபர் 10ஆம் நாள் செங்கல்பட்டில் போலீஸ் துப்பாக்கிக்கு ஜான் தாமஸையும் ஏழுமலையையும் பறிகொடுத்த மண் இது. காரணையின் கதை தெரிந்தவருக்குக் கால் கட்டைவிரல் நகம் அற்ப விஷயமாகத்தான் தோன்றும். ஆனால் அந்த நிலம் கையில் இல்லாததால்தான் எங்கள் பெரியம்மா அறுபது வயது தாண்டியும் அடுத்தவன் கழனியில், முழங்கால் சேற்றில் நிற்கிறார். நகத்தின் கதை அந்தச் சேற்றில்தான் ஆரம்பிக்கிறது.

திருக்கழுக்குன்றம் பக்கம் நடவுக்குப் போகிற பெண்களின் காலைப் பாருங்கள். விரல் இடுக்கெல்லாம் வெள்ளையாக ஊறி வெடித்திருக்கும். சேத்துப்புண். ராத்திரியில் மருதாணியும் மஞ்சளும் அரைத்து வைத்துக் கட்டுவார்கள். நாலு நாள் காலை ஈரம் படாமல் வைத்திருந்தால் ஓரளவு ஆறும். நாலு நாள் கூலியை விட்டுவிட்டு யார் உட்காருவது? ஆறாத புண்ணில் குடியிருக்கிற பூஞ்சைக் காளான் மெல்ல நகத்துக்கு அடியில் ஏறிவிடும். நகம் மஞ்சளாகும், தடிக்கும், மாவு மாதிரி உதிரும். அங்கே மருதாணி போய்ச் சேராது.

பெரியம்மாவை ஒரு டாக்டரிடம் கூட்டிப் போனேன். மேசைக்கு அந்தப் பக்கமிருந்தே எட்டிப் பார்த்தார். “நகம்தானேம்மா, வயசாயிடுச்சு, உட்டுடுங்க. இனிமே அழகு பண்ணி என்ன ஆவப் போவுது?” காலைத் தொடவில்லை. அவருக்குச் சர்க்கரை இருக்கிறதா என்று கேட்கவுமில்லை. ‘அழகுப் பிரச்சனை’ என்ற இந்த வார்த்தை மருத்துவப் பேச்சில் தாராளமாகப் புழங்குகிறது. செருப்பு, சாக்ஸ், காய்ந்த தரை, வருடத்துக்கு ஒரு ரத்தப் பரிசோதனை என்று வாழ்கிறவருக்கு அது அழகுப் பிரச்சனையாகவே இருக்கட்டும். அவர் நகத்தை அப்படியே விட்டுவிடுவதுகூட ஒழுங்கான முடிவுதான். எல்லா நகச்சொத்தைக்கும் மாத்திரை வேண்டியதில்லை. ஆனால் சர்க்கரை இருந்து, பாதம் மரத்துப் போனவருடைய தடித்த நகம் பக்கத்து விரலைக் குத்திப் புண்ணாக்கினால் அவருக்குத் தெரியாது. வெடித்த இடத்தில் கிருமி நுழைந்து கால் வீங்கிச் சிவக்கும். விரலை எடுக்கிற வரைக்கும் போனவர்கள் நம் தெருவிலேயே இருக்கிறார்கள். ஆகவே கேள்வி நகத்தைப் பற்றியது அல்ல, அது யாருடைய காலில் இருக்கிறது என்பது.

காலில் பிறந்தவன் சூத்திரன் என்றது புருஷ சூக்தம். அந்தக் காலிலும் இடம் தராத பஞ்சமனின் காலை யார் தொட்டுப் பார்ப்பார்கள்? ஊர்த்தெரு வந்தால் செருப்பைக் கழற்றிக் கையில் தூக்கிக்கொண்டு நடந்த பாட்டன்மார் நமக்கு உண்டு. அதற்காகச் செருப்பில்லாததுதான் நோய்க்குக் காரணம் என்று எழுதிவிட்டுப் போனால் அது பொய்யாகிவிடும். கோவளத்திலிருந்து மாமல்லபுரம் வரை கடற்கரைச் சாலை விடுதிகளில் தரை கழுவுகிற, கழிவுத் தொட்டி சுத்தம் செய்கிற நம் பிள்ளைகள் பூட்ஸ் போட்டிருக்கிறார்கள். ரப்பர் பூட்ஸ். உள்ளே தண்ணீர் போனால் வெளியே வராது. ஒருத்தர் கழற்றியதை அடுத்த ஷிப்ட்காரர் ஈரத்தோடு மாட்டுகிறார். காளானுக்கு இருட்டும் சூடும் ஈரமும் போதும். சேறு செய்ததை பூட்ஸும் செய்கிறது. 2019 அக்டோபரில் சீன அதிபர் வந்திருந்தபோது பிரதமர் அந்தக் கடற்கரையில் அரைமணி நேரம் குப்பை பொறுக்கிய படத்தை நாடே பார்த்தது. தினமும் எட்டு மணி நேரம் பொறுக்குகிறவரின் காலை எந்தக் கேமராவும் எடுத்ததில்லை.

டாக்டர் விட்டுவிடச் சொன்னால் நம் ஆட்கள் எங்கே போவார்கள்? மெடிக்கலுக்குத்தான். “கால் அரிப்புக்கு ஒரு டியூப் குடு தம்பி.” கிடைப்பது மூன்று மருந்துக் கலவை: காளானுக்கு ஒன்று, பாக்டீரியாவுக்கு ஒன்று, கூடவே குளோபெட்டசால் போன்ற வலுவான ஸ்டீராய்டு. ஸ்டீராய்டு அரிப்பை ஒரே நாளில் அமுக்கிவிடும். ‘நல்ல மருந்து’ என்று பெயர் வாங்கிவிடும். உள்ளே காளான் பரவிக்கொண்டிருக்கும், தோல் மெலிந்துகொண்டிருக்கும். இத்தகைய கிரீம்களைச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று 2018இல் மத்திய அரசு கட்டுப்பாடு கொண்டுவந்தது. கடைக்குப் போய்ப் பாருங்கள், யார் சீட்டு கேட்கிறார்கள் என்று. மருந்துக்குக் கட்டுப்படாத ஒரு படர்தாமரைக் காளான் இந்தியாவில் பெருகி, 2020இல் அதற்கு ‘டிரைக்கோஃபைட்டான் இண்டோடினியே’ என்று நம் நாட்டின் பெயரையே வைத்துவிட்டார்கள். இந்த டியூப்களுக்கு அதில் பெரும் பங்கு உண்டு என்று தோல் மருத்துவர்களே சொல்கிறார்கள். நகச்சொத்தைக்கோ இந்த டியூப் எந்தப் பயனும் தராது, நகத்தைத் தாண்டி உள்ளே போகாது.

முதலில் கேட்க வேண்டியது பரிசோதனை. தடித்து மஞ்சளான நகங்களில் ஏறக்குறைய பாதிதான் காளானால் வருவது. மீதி அடிபட்டது, சொரியாசிஸ், இன்னும் பல. நகத்தைச் சுரண்டி எடுத்து, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு சொட்டு விட்டு மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் காளான் இழை தெரியும். செலவு மிகக் குறைவு. ஒருமுறை தெரியாவிட்டால் மறுமுறையும் பார்க்கலாம். செங்கல்பட்டுக்காரர்களுக்கு இன்னொரு காரணமும் சொல்ல வேண்டும். 1924இல் தொடங்கிய திருமணி தொழுநோய் மருத்துவமனை, 1955இல் மத்திய ஆராய்ச்சி நிலையமானது, நம் ஊர்ப் பக்கத்தில்தான் இருக்கிறது. தொழுநோயிலும் நகம் கெடும். நகத்தோடு காலில் உணர்ச்சியில்லாத தேமலோ மரப்போ இருந்தால் காளான் மருந்தைத் தின்றுகொண்டு வருடத்தைத் தொலைக்கக் கூடாது.

காளான்தான் என்று உறுதியானால் டெர்பினாஃபின் மாத்திரை. தினம் 250 மில்லிகிராம், கால் நகத்துக்கு 12 வாரம். 100 பேரில் 70 பேருக்குக் காளான் போய்விடும். நகம் பழையபடி முழுசாக ஆவது அதைவிடக் குறைவு. கால் நகம் புதிதாக வளர்ந்து வரவே 12 முதல் 18 மாதம் ஆகும் என்பதால், மூன்று மாதத்தில் மாறவில்லையே என்று மருந்தைத் திட்ட வேண்டாம். ஆபத்து? ஈரல். வெளிப்படையாகத் தெரியும் ஈரல் பாதிப்பு 50,000 முதல் 1,20,000 மருந்துச் சீட்டுகளுக்கு ஒன்று என்று கணக்கிட்டிருக்கிறார்கள். சிலருக்குச் சில காலம் நாக்கில் ருசி போகும். இந்த அளவு ஆபத்தைக் காட்டி, சர்க்கரை உள்ள ஒரு கூலிக்காரப் பெண்ணுக்கு மருந்தே மறுப்பது அக்கறை அல்ல.

ஆனால் இங்கே நாமும் ஒன்றை மறைக்காமல் பேச வேண்டும். சாக்கடையில் இறங்குகிற தோழர்களில் பலர் குடித்துவிட்டுத்தான் இறங்குகிறார்கள். அந்த நாற்றத்தைச் சும்மா தாங்க முடியாது. ஏற்கனவே ஈரல் கெட்டவருக்கு இந்த மாத்திரை கொடுக்கக் கூடாது. மாத்திரைக்கு முன்னால் ஈரலுக்கான ரத்தப் பரிசோதனை வேண்டும். ‘குடிப்பியா?’ என்று டாக்டர் முகம் சுளித்துக் கேட்டால் அவர் ‘இல்ல சார்’ என்றுதான் சொல்லுவார். அந்தப் பொய்யில் பாதி டாக்டருடையது. மாத்திரை தின்னும்போது சிறுநீர் டீத்தண்ணி மாதிரி போனாலோ, கண் மஞ்சளானாலோ, சோறே பிடிக்காமல் குமட்டினாலோ உடனே நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். கர்ப்பிணிகளும் பால் கொடுக்கும் தாய்மாரும் தள்ளிப் போடலாம். நகம் காத்திருக்கும்.

இட்ராகோனசோல் இன்னொரு வழி. இதயம் பலவீனமானவருக்கு ஆகாது, கொழுப்புக்குத் தின்னும் சில மாத்திரைகளோடும் ஒத்துப்போகாது. வாரம் ஒரு ஃப்ளூகோனசோல் என்று கடைக்காரர்களே கொடுக்கிறார்கள். கிளிமிபிரைடு தின்கிற சர்க்கரைக்காரருக்கு அது சர்க்கரையைத் திடீரென்று இறக்கி மயக்கம் போட வைக்கும். கீட்டோகோனசோல் மாத்திரையை யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள். ஈரலைக் கெடுத்ததால் 2013இல் ஐரோப்பா அதைக் கைவிடச் சொன்னது, அமெரிக்கா நகக் காளானுக்கு அதைக் கொடுக்கக் கூடாது என்று கட்டுப்படுத்தியது. நகத்தில் பூசும் பாலிஷ் மாதிரி மருந்துகள் உண்டு, அமோரோல்ஃபின், சிக்ளோபிராக்ஸ். ஈரலுக்குப் பயமில்லை. ஆனால் விலை கூடுதல், வருடக் கணக்கில் பூச வேண்டும், நுனியில் மட்டும் பிடித்த நகத்துக்குத்தான் ஓரளவு கேட்கும். கழனியில் நிற்கிற காலில் பாலிஷ் எத்தனை நாள் நிற்கும்? நகத்தைப் பிடுங்கிப் போடுவதும் தீர்வில்லை. அடியில் காளான் இருந்தால் அதே சொத்தையோடு முளைக்கும். சர்க்கரைக்காரர்கள் பிளேடால் செதுக்கவே கூடாது.

இத்தனையும் செய்து குணமாக்கி அனுப்பினாலும், மறுநாள் அதே ஈர பூட்ஸில் காலை விட்டால் திரும்ப வரும். பாதுகாப்புக் கருவி தருவது வேலை கொடுப்பவரின் கடமை என்று 2013ஆம் ஆண்டுச் சட்டம் சாக்கடை, மலக்குழி வேலைக்குச் சொல்கிறது. துப்புரவுத் தொழிலாளி என்ற பெயரைத் தூய்மைப் பணியாளர் என்று மாற்றியாகிவிட்டது, பூட்ஸை மாற்றவில்லை. ஆளுக்கு இரண்டு ஜோடி, ஒன்று காயும்போது ஒன்று போட. கால் கழுவித் துடைக்க ஒரு இடம். மாற்றிப் போட சாக்ஸ். சங்கத்தில் கூலியோடு சேர்த்து இதையும் கோரிக்கையாக வைக்கலாம். மாணவத் தோழர்கள் விடுமுறைக்குச் சேரிக்குப் போகும்போது வீட்டிலிருக்கும் பெரியவர்களின் காலை ஒருமுறை மடியில் எடுத்து வைத்துப் பாருங்கள். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்று 2021 முதல் வீட்டுக்கே சர்க்கரை மாத்திரை வருகிறது. கொண்டுவரும் அக்காவிடம் அந்தக் காலையும் காட்டுங்கள்.

பெரியம்மாவுக்கு வேறொரு டாக்டர் நகத்தைச் சுரண்டிப் பார்த்தார், ரத்தம் பார்த்தார், 12 வாரம் மாத்திரை கொடுத்தார். இப்போது ஏழு மாதம். அடியிலிருந்து பாதி நகம் வெள்ளையாக ஏறியிருக்கிறது. போன வாரம் நடவுக்குக் கூப்பிட்டு ஆள் வந்தது. “போவாத” என்றேன். “நீ குடுக்குறியா கூலி?” என்று கேட்டுவிட்டு, சும்மாட்டுத் துணியால் விரல் இடுக்கைத் துடைத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.