எண்ணெய்க்குக் கிடைத்த பரிவு

"தொழில் வளர்ப்பது வியாபாரிகளின் வேலை, சர்க்கார் அதில் கைவைத்தால் குடி கெட்டது" என்று நம்மவருள் சிலர் முழங்கி வருகின்றனர். இங்கிலீஷ் பள்ளியில் யானும் அப்பாடத்தையே உருப்போட்டவன். தோட்டத்துக் கிராணியாகி, செம்பனைக் குலைகளின் நிறையைப் பேரேட்டில் பதியத் தொடங்கிய பின்னரே அது எத்துணைப் பொய்யென்று உணர்ந்தேன்.

பாசிர் கூடாங்கைப் பாருங்கள்! அத்தொழிற்பேட்டையை அமைத்தது, 1968-ல் தோன்றிய ஜோகூர் மாநிலப் பொருளாதார வளர்ச்சிக் கழகம். 1977-ல் துறைமுகம் திறந்தது. கச்சாச் செம்பனை எண்ணெய்க்கு ஏற்றுமதி வரி, சுத்திகரித்த எண்ணெய்க்குச் சலுகை என்று 1970-களில் சர்க்கார் வகுத்த பின்னரே நாட்டில் சுத்திகரிப்பு ஆலைகள் பெருகின. அவ்வரி இல்லையேல், பண்டு ரப்பர் போனவாறே எண்ணெயும் கச்சாப் பொருளாகவே கப்பலேறியிருக்கும். இந்தியாவும் சுத்திகரித்த எண்ணெய்க்கே மிகுதியான இறக்குமதி வரி விதித்துத் தன் ஆலைகளைக் காக்கின்றது. இதுவா குடி கெடுக்கும் செயல்?

ஆயின், சர்க்காரின் கொள்கையை வானளாவப் புகழ்வோரையும் ஒன்று கேட்பேன். எண்ணெய்க்குக் காட்டிய பரிவை, குலை வெட்டியவனுக்கு ஏன் காட்டவில்லை? 1971-ன் புதிய பொருளாதாரக் கொள்கை, இன வேறுபாடின்றி வறுமையை ஒழிப்போம் என்றது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, லயங்கள் இடிக்கப்பட்டபோது, பட்டணத்து ஓரம் ஒதுங்கிய நம் மக்களுட் பலருக்கு வாய்த்தவை காவற்காரன் உடுப்பும் லாரி ஓட்டும் வேலையுமே! கச்சா எண்ணெய் வெளியேறலாகாது என்று வரி போட்டவர்கள், கச்சா மனிதன் கைத்தொழிலறியாது வெளியேறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தனர்.

சலுகை பெறுவோன் கடமையும் ஏற்க வேண்டும். தென்கொரிய சர்க்கார் மலிவான கடன் தந்தபோது, ஏற்றுமதி இலக்கையும் உடன் விதித்தது. நாமோ வரிச்சலுகையைத் தருகின்றோம். ஆலையில் எத்தனை இளைஞர் தொழில் பழகினர் என்று கேட்பதில்லை. ஆற்றில் எதைக் கொட்டுகின்றனர் என்றும் உரியவாறு காப்பதில்லை. 2019 மார்ச்சில் சுங்கை கிம் கிம் ஆற்றில் கொட்டிய ரசாயனக் கழிவால் 111 பள்ளிகள் மூடப்பட்டனவே! மூச்சுத் திணறியவை யார் குழந்தைகள்?

என் போன்ற கிராணிகளும் குற்றவாளிகளே. மேசை வேலையே மேன்மை, எண்ணெய்க் கறை இழிவு என்று பிள்ளைகளுக்குப் போதித்தோர் நாமன்றோ? அப்பேதைமையை ஒழிப்போம். சலுகை பெறும் ஒவ்வோர் ஆலையும், தோட்டத்துப் பிள்ளைகளுக்குத் தொழிற்பயிற்சி அளித்தே தீர வேண்டுமெனச் சட்டம் கேட்போம். இது பிச்சையன்று, நம் உழைப்பின் பாக்கி!