இருமலுக்குச் செக்போஸ்ட் இல்லை

காசநோய்க் கிருமியைக் கண்டுபிடித்ததாக ராபர்ட் கோக் 1882 மார்ச் 24 அன்று அறிவித்தார். அதன் பின்னும், 2024-ஆம் ஆண்டில் மட்டும் உலகில் 1 கோடியே 7 லட்சம் பேரை இந்நோய் பற்றியது. 12 லட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். நோயாளிகளில் நாலில் ஒருவர் இந்தியர் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 2025-க்குள் ஒழிப்போம் என்று மத்திய அரசு முழங்கியது. ஆண்டு போய்விட்டது, நோய் போகவில்லை.

மருந்து இல்லையா? இருக்கிறது, அரசு மருத்துவமனையில் இலவசமாகவே. வழி காட்டியதும் சென்னைதான். 1956-இல் அங்கு தொடங்கிய ஆய்வு மையம், நெரிசலான குடியிருப்புகளில் வாழ்ந்த ஏழை நோயாளிகளுக்கு வீட்டிலேயே மருந்து கொடுத்தது. சானடோரியத்தில் படுத்தவர்களைப் போலவே அவர்களும் குணமானார்கள் என்பதை 1959-இல் உலகம் அறிந்தது.

அப்படியானால் தடை எங்கே? நம் வாழ்நிலையில் இருக்கிறது. சாலைக் கடைத்தெருவிலும் கட்டட வேலையிலும் உழைக்கும் நம்மவர் ஜன்னலில்லாத அறையில் எட்டுப் பேராய்ப் படுக்கிறார்கள். இருமலை வெளியே சொன்னால் வேலை போகும், அறையும் போகும் என்று மறைக்கிறார்கள். மருந்து ஆறு மாதம் சாப்பிட வேண்டும். இரண்டு மாதத்தில் காய்ச்சல் நிற்கிறது, உடம்பு தேறுகிறது. ஊரில் கோயில் கொடை வருகிறது. களியக்காவிளை தாண்டியதும் மருந்து நின்றுபோகிறது. பின்பு அந்தக் கிருமி மருந்துக்கே அடங்காததாய்த் திரும்பி வருகிறது.

நோயாளியை விரட்டினால் நோய் போகுமா? இதே இனக் கிருமியால் வரும் தொழுநோய்க்காரரை 1898-இல் சட்டம் போட்டு ஒதுக்கினார்கள். 2016-இல்தான் அச்சட்டம் ரத்தானது. அந்நோயைக் குறைத்தது சட்டமல்ல, 1980-களில் வந்த கூட்டு மருந்து.

சோறும் மருந்துதான். ஜார்க்கண்டில் நோயாளிகளின் குடும்பத்தாருக்கு உணவுப்பொருள் வழங்கியதில், அவர்களிடையே புதிதாய் நோய் வருவது ஏறத்தாழ 40 சதவீதம் குறைந்தது என 2023-இல் வெளியான ஆய்வு காட்டிற்று. அரசோ நோயாளிக்கு மாதம் 500 ரூபாய் தந்து, 2024 நவம்பரில் 1000 ஆக்கியது. இந்நகரில் அது ஒரு கொத்தனாரின் ஒரு நாள் கூலி. யானைப் பசிக்குச் சோளப்பொரி!

நாம் கேட்பது இவைதாம்: நோயாளியை வேலையிலிருந்து நீக்கக் கூடாது, மருந்துண்ணும் காலத்தில் கூலியிழப்புக்கு ஈடு வேண்டும், குடும்பம் முழுமைக்கும் ரேஷன் வேண்டும், காற்றோட்டமில்லாத அறைக்கு வாடகை வாங்குவதைத் தடுக்க வேண்டும்.

தோழர்களே, நாமும் செய்ய வேண்டியது உண்டு. இரண்டு வாரத்துக்கு மேல் இருமினால் சளியைச் சோதியுங்கள். ஊருக்குப் போகுமுன் மருத்துவமனையில் சொல்லுங்கள். நிக்ஷய் பதிவை உங்கள் மாவட்டத்துக்கு மாற்றித் தருவார்கள். சிகிச்சைக்காகச் செல்லும் காசநோயாளிக்கும் துணைக்குச் செல்லும் ஒருவருக்கும் ரயிலில் 75 சதவீதக் கட்டணச் சலுகை உண்டு. மருத்துவமனைச் சான்று போதும். கவுண்டரில் அதைக் கேட்டு வருபவர் அரிது. வெட்கப்படாமல் கேளுங்கள், அது சலுகை என்ற பெயரில் உள்ள உரிமை.

இருமுகிறவனை அறையைவிட்டுத் துரத்தாதீர்கள். கையைப் பிடித்து மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். சங்கம் என்பது அதற்குத்தான்.