விவேக் மரணமும் தடுப்பூசி வதந்தியும்: மருத்துவர்கள் சொல்லியும் மக்கள் நம்பாதது ஏன்?

2021 ஏப்ரல் 15. சென்னை ஓமந்தூரார் அரசு மருத்துவமனையில் நடிகர் விவேக் கோவாக்சின் தடுப்பூசி போட்டுக்கொண்டார். தயங்கி நிற்கும் மக்களுக்குத் தைரியம் கொடுக்கத்தான் கேமராக்கள் முன்னிலையில் வந்தார். மறுநாளே மாரடைப்பு. 17ஆம் தேதி அதிகாலை உயிரிழந்தார்.

"ஊசி போட்டதுனாலதான் இப்படி ஆயிடுச்சு" என்ற பேச்சு வாட்ஸ்அப்பில் தீயாகப் பரவியது. இதயத்தின் முக்கிய ரத்தக்குழாயில் 100 சதவீத அடைப்பு இருந்தது, அது ஒரே நாளில் வருவதில்லை, தடுப்பூசிக்கும் இதற்கும் தொடர்பில்லை என்று மருத்துவர்கள் விளக்கினார்கள். ஆனாலும் பலர் நம்பவில்லை. ஏன்?

காக்கை உட்கார பனம்பழம் விழுந்த கதை

ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு விஷயங்கள் நடந்தால், முதலாவதுதான் இரண்டாவதுக்குக் காரணம் என்று மனசு உடனே முடிச்சுப் போட்டுவிடும். அந்த ஏப்ரலில் தடுப்பூசி போடப்பட்டது 45 வயதைக் கடந்தவர்களுக்கு. தடுப்பூசியே இல்லாத காலத்திலும் தினமும் மாரடைப்பு வரும் வயது அது. லட்சக்கணக்கானோர் ஊசி போடும்போது, சிலருக்கு அடுத்த நாளே மாரடைப்பு வருவது தற்செயலாகவே நடக்கும். ஊசி போட்டு நன்றாக இருப்பவர்களைப் பற்றி யாரும் ஃபார்வேர்டு அனுப்புவதில்லை.

பயத்துக்கு ஒரு பதில் வேண்டும்

அதே நாட்களில்தான் ஆக்சிஜன் படுக்கை கிடைக்காமல் மக்கள் அலைந்தார்கள். அப்போது வந்த ஒரு ஃபார்வேர்டு: கற்பூரம், ஓமம், கிராம்பைத் துணியில் முடிந்து முகர்ந்தால் ஆக்சிஜன் அளவு கூடும். இதற்கு மருத்துவ ஆதாரம் எதுவும் இல்லை. ஆனால் படுக்கை நம் கையில் இல்லை, கற்பூரம் மளிகைக் கடையில் இருக்கிறது. 'நம்மால் ஏதோ செய்ய முடிகிறது' என்ற ஆறுதலைத்தான் அந்த மெசேஜ் கொடுத்தது.

அனுப்பியது யார்?

நிபுணரை நமக்குத் தெரியாது. சித்தப்பாவைத் தெரியும். அவர் நம் நல்லதுக்குத்தான் அனுப்புவார் என்பதும் தெரியும். அதனால் செய்தியைச் சோதிக்காமல் ஆளை வைத்தே நம்பிவிடுகிறோம். அதே தகவல் நான்கு குரூப்பில் வந்தால், நான்கு பேர் தனித்தனியாக விசாரித்துச் சொன்னதுபோல் தோன்றும். உண்மையில் அது ஒரே மெசேஜின் நான்கு நகல். இதனால்தான் அதிகம் பகிரப்பட்ட மெசேஜை ஒரு நேரத்தில் ஒரு சாட்டுக்கு மட்டுமே அனுப்ப முடியும் என்று 2020 ஏப்ரலில் வாட்ஸ்அப் கட்டுப்பாடு கொண்டுவந்தது.

தாமதமாக வரும் உண்மை

விவேக் மரணத்துக்குத் தடுப்பூசி காரணமல்ல என்று மத்திய அரசின் நிபுணர் குழு முடிவு சொன்னது 2021 அக்டோபரில். வதந்தி பரவ ஒரே நாள். விசாரணை முடிவு வர ஆறு மாதம். இடைப்பட்ட மே மாதத்தில் தமிழ்நாட்டில் ஒருநாள் தொற்று 36 ஆயிரத்தைத் தாண்டியது. தடுப்பூசி அதிகம் தேவைப்பட்ட நேரத்தில்தான் தயக்கமும் இருந்தது.

வதந்தி உயிரோடு இருப்பவர்களை மட்டும் பாதிப்பதில்லை. 2020 ஏப்ரலில் கொரோனாவால் இறந்த சென்னை நரம்பியல் மருத்துவர் சைமன் ஹெர்குலிஸின் உடலை அடக்கம் செய்யவிடாமல் ஒரு கூட்டம் தாக்கியது. புதைத்தால் தொற்று பரவும் என்ற பயம்தான் காரணம். கடைசியில் சக மருத்துவர் ஒருவரே மண்ணைத் தள்ளி அடக்கம் செய்ய வேண்டியதாயிற்று.

என்ன செய்யலாம்?

வதந்தியை நம்புபவரை 'முட்டாள்' என்று திட்டினால் அவர் இன்னும் இறுக்கமாகப் பிடித்துக்கொள்வார். அவருடைய பயம் என்ன என்று முதலில் கேளுங்கள். குரூப்பில் வைத்துத் திருத்தாமல், தனியாகப் பேசுங்கள். அவருக்குத் தெரிந்த மருத்துவரிடமோ செவிலியரிடமோ கேட்கச் சொல்லுங்கள்.

மெசேஜ் உங்களுக்கே வந்தால்? படித்ததும் பதற்றமோ கோபமோ வருகிறது, 'உடனே எல்லாருக்கும் அனுப்புங்க' என்று கடைசியில் இருக்கிறது என்றால், அங்கேயே நிறுத்திவிடுங்கள். அதை அடுத்து வாங்கப்போகிறவர், 'நீங்க அனுப்புனீங்களே' என்றுதான் நம்பப்போகிறார்.