இடித்த கதையையும் சொல்லிக்கொடுங்கள்!

லண்டன் மாநகரில் பூகோளப் பாடத்துக்காகப் பள்ளிப் பிள்ளைகளைப் புதுப்பித்த வட்டாரங்களுக்கு அழைத்துச் செல்கிறார்கள். மரங்களை எண்ணு, தெருவின் தூய்மைக்கு மார்க்குப் போடு. இதுவே 'நீடித்த வளர்ச்சி', இதுவே 'குடிமைப் பயிற்சி' என்கிறார்கள். பிள்ளைகள் வீதிக்கு வருவதை நாம் வரவேற்கிறோம். ஆனால், எண்ண வேண்டியதை எண்ணச் சொல்கிறார்களா?

எலிஃபண்ட் அண்ட் காசில் வட்டாரத்தைப் பாருங்கள். அங்கே 1974-ல் கட்டி முடித்த ஹேகேட் குடியிருப்பில் 1,200-க்கு மேற்பட்ட வீடுகள். பெரும்பாலானவை உழைப்பாளி மக்கள் குறைந்த வாடகைக்கு வாழ்ந்த நகராட்சி வீடுகள். 2014-ல் அத்தனையும் தரைமட்டம்! 2013-ல் அனுமதி பெற்ற புதுத் திட்டத்தில் 2,000-க்கு மேற்பட்ட வீடுகள். பழைய மாதிரிக் குறைந்த வாடகைக்கு ஒதுக்கியதோ நூறுகூட இல்லை. நாற்பதே ஆண்டு கண்ட கட்டிடங்களைத் தூளாக்கியது எந்த ஊர் 'நீடித்த வளர்ச்சி'?

"பள்ளியில் அரசியல் கூடாது" என்று சில கனவான்கள் கூச்சலிடுவார்கள். ஏழையை வெளியேற்றியது அரசியல் இல்லையாம்; அவன் எங்கே போனான் என்று கேட்பதுதான் அரசியலாம்!

ஆசிரியர்களே! புதுப் பூங்காவைக் காட்டுங்கள். கூடவே பழைய வரைபடத்தையும் பிள்ளைகள் கையில் கொடுங்கள். அங்கிருந்து போனவர்களோடு பேச வையுங்கள். யார் தீர்மானித்தார்கள், யாருக்காக இடித்தார்கள் என்று கேட்கக் கற்ற பிள்ளைகளே நாளைய குடிமக்கள்!